பாத்தி கட்டுவோம், பிள்ளைகளைக் காப்போம்

(காத்தோங் வட்டாரத்தில் வீவக புளோக் ஒன்றின் சமூகத் தோட்டத்தில், பிள்ளைகளோடு வந்திருந்த தமிழ்ப் பெற்றோர் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வேலை காரணமாக வர இயலாதவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக இங்கே தருகிறோம்.)



இரவு வேலை முடித்து, தூக்கத்தை விட்டுவிட்டு வந்தவர்கள் உங்களில் சிலர். இங்கிருந்து நேராக வேலைக்குப் போக வேண்டியவர்கள் இன்னும் சிலர். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பிள்ளைகள் அங்கே மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறார்கள். நாம் இங்கே பேசப் போவது சிறார் வன்கொடுமையைப் பற்றி. தோட்டத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

‘சிறார் வன்கொடுமை பற்றிய விளக்கக் கூட்டம்’ என்று சமூக மன்றத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினால் எத்தனை பேர் வருவீர்கள்? வருகிறவரைப் பார்த்து, “அவர் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது” என்று நாலு பேர் பேசுவார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்தே வர வேண்டியவர் வரமாட்டார். கீரை விதைக்க வாருங்கள் என்றால் எல்லோரும் வரலாம். யாரும் யாரையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியதில்லை. இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் பிள்ளைகளைப் பற்றியது. எதிரே உட்கார வைத்து, கண்ணைப் பார்த்து, “உனக்கு யாராவது ஏதாவது செய்தார்களா, சொல்லு” என்று கேட்டால் பிள்ளை வாயைத் திறக்காது. பக்கத்தில் குந்திக்கொண்டு இருவரும் களை பிடுங்கும்போது, கை வேலையில் இருக்க, கண் மண்ணில் இருக்க, பள்ளியில் நடந்தது, பஸ்ஸில் நடந்தது, துணைப்பாட வகுப்பில் நடந்தது எல்லாம் தானாக வெளியே வரும். சமையலறையில் வெங்காயம் உரிக்கும்போது பிள்ளை பேசியதை நீங்களே கவனித்திருப்பீர்கள்.

உலகத்தில் இதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1983-ஆம் ஆண்டு முதல் ஏப்ரல் மாதத்தைச் சிறார் வன்கொடுமைத் தடுப்பு மாதமாக அறிவித்து வருகிறார்கள். 2008-இலிருந்து அங்குள்ள தடுப்பு இயக்கம் ஒன்று நீல நிறக் காற்றாடியைத் தன் சின்னமாக வைத்திருக்கிறது. பள்ளி வாசலிலும் பூங்காவிலும் நீதிமன்றத்தின் முன்னாலும் பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து காற்றாடிகளைச் செடி நடுவதுபோல் நட்டு, அதைக் காற்றாடித் தோட்டம் என்கிறார்கள். வழியே போகிறவர் நின்று கேட்பார், அப்படியே பேச்சுத் தொடங்கும். சென்னையில் 2004-இல் தொடங்கப்பட்டு, சிறார் பாலியல் வன்கொடுமைத் தடுப்புக்காக வேலை செய்யும் ஓர் அமைப்புக்குத் ‘துளிர்’ என்றே பெயர். அடிபட்ட செடியும் மறுபடி துளிர்க்கும் என்ற நம்பிக்கை அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

நமக்குக் காகிதக் காற்றாடி தேவையில்லை. மே மாதத்தில் கழற்றி வைத்துவிட்டால் பேச்சும் முடிந்துபோகும். சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம் 2005-இல் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று தீவு முழுவதும் ஆயிரக்கணக்கில் இப்படிப்பட்ட தோட்டங்கள் உள்ளன. நகர மன்றத்தின் அனுமதியைப் பெற்றால் புளோக் அடியில் பாத்தி கட்டலாம். வாரா வாரம் தண்ணீர் ஊற்ற வேண்டிய தோட்டம் என்றால், வாரா வாரம் பிள்ளைகளோடு பேசவும் ஓர் இடம் கிடைக்கிறது.

இந்தக் காத்தோங் மண்ணுக்கும் நமக்கும் உறவு புதிதல்ல. கடலைத் தூர்த்து மரின் பரேட் அடுக்குமாடிகளைக் கட்டுவதற்கு முன்னால் அலை இந்தப் பக்கம் வரை வந்தது, தென்னந்தோப்புகள் இருந்தன. சிலோன் ரோட்டில் இருக்கும் ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயம், ஒரு செண்பக மரத்தடியில் கிடைத்த விநாயகர் சிலையை வைத்து 19-ஆம் நூற்றாண்டில் இலங்கைத் தமிழர்கள் எழுப்பியது. ஒரு மரத்தடியில் கூடித்தான் நம்மவர்கள் இங்கே ஒரு சமூகமாக ஆனார்கள். கூடுவது நமக்குத் தெரியும். எதைப் பற்றிப் பேசக் கூடுகிறோம் என்பதுதான் கேள்வி.

எது வன்கொடுமை?

சட்டம் என்ன சொல்கிறது என்பதை எளிமையாகச் சொல்கிறேன். சிங்கப்பூரில் சிறார், இளையர் சட்டம் என்று ஒன்று உண்டு. முன்பு 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களைத்தான் அது காத்தது. 2019-இல் திருத்தப்பட்டு, 2020 ஜூலை முதல் 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோரையும் காக்கிறது. ஆகவே உயர்நிலைப் பள்ளி முடித்து, மீசை அரும்பிய உங்கள் 17 வயது மகனும் சட்டத்தின் பார்வையில் பாதுகாக்கப்பட வேண்டிய பிள்ளைதான்.

வன்கொடுமை நான்கு வகை. உடம்பில் அடிப்பது, சுடுவது, காயப்படுத்துவது ஒன்று. பாலியல் முறையில் தொடுவது, தொடச் சொல்வது, காட்டுவது, படம் எடுப்பது இரண்டு. ஓயாமல் இழிவாகப் பேசி, பயமுறுத்தி, மனத்தை உடைப்பது மூன்று. சோறு, மருந்து, பாதுகாப்பு, பள்ளி ஆகியவற்றைக் கொடுக்கக் கூடியவர் கொடுக்காமல் விடுவது நான்கு. பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் இந்தச் சட்டத்தின்கீழ் எட்டு ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். 2020 ஜனவரி முதல், 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனைச் சட்டத் தொகுப்பின்கீழ் இரு மடங்கு வரை தண்டனை விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஏழ்மை குற்றமல்ல. ஓரறை வாடகை வீட்டில் ஐந்து பேர் படுப்பது குற்றமல்ல. மாதக் கடைசியில் முட்டையும் சோறும் மட்டும் கொடுப்பது குற்றமல்ல. இரண்டு வேலை பார்ப்பதால் பிள்ளையோடு இருக்க நேரமில்லை என்று மனம் வருந்தும் தாய் குற்றவாளி அல்ல. அவருக்கு வேண்டியது உதவி. “நம்மைப் போன்ற ஏழைகள் வாயைத் திறந்தால் நம்மையே பிடிப்பார்கள்” என்ற பயம்தான் பல வீடுகளில் உண்மையை மூடி வைக்கிறது.

அடிப்பதைப் பற்றியும் கேட்பீர்கள். “நாங்கள் எல்லாம் அடிவாங்கித்தானே வளர்ந்தோம்?” என்று சிலர் முகத்தில் எழுதியிருக்கிறது. பெற்றோர் பிள்ளையைக் கண்டிப்பதைச் சிங்கப்பூர்ச் சட்டம் முழுவதுமாகத் தடை செய்யவில்லை. ஆனால் தழும்பு விழும் அடி, தலையில் அடி, சூடு வைப்பது, மிளகாய்ப்பொடி தூவுவது, இருட்டில் பூட்டி வைப்பது எல்லாம் கண்டிப்பில் சேராது. சட்டத்தையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு யோசியுங்கள். எதற்கெடுத்தாலும் பிரம்பை எடுக்கும் வீட்டில், பிள்ளைக்கு வெளியே ஒரு பெரிய கெடுதல் நடந்தால் அது உங்களிடம் வந்து சொல்லுமா? “அம்மா அடிப்பார்” என்றுதானே முதலில் நினைக்கும்? கெடுக்கிறவனும் அதைத்தான் சொல்லி மிரட்டுவான்.

யார் செய்கிறார்கள்?

முன்பின் தெரியாதவனிடம் மிட்டாய் வாங்காதே என்று சொல்லித் தருகிறோம். அது வேண்டியதுதான், ஆனால் போதாது. இந்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள், அதாவது 53 விழுக்காட்டினர், ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், பிள்ளை நம்பியவர்கள். அந்த ஆய்வில் ஆண் பிள்ளைகள் பெண் பிள்ளைகளை விடக் குறைவாகப் பாதிக்கப்படவில்லை. “எனக்கு மகன்தானே, பயமில்லை” என்று யாரும் இருந்துவிடாதீர்கள்.

சிங்கப்பூரில் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு விசாரித்த சிறார் வன்கொடுமைச் சம்பவங்கள் 2020-இல் 1,313. அடுத்த ஆண்டே அது 2,141 ஆனது. நோய்ப்பரவல் காலத்தில் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தோம். வீடுதான் பாதுகாப்பு என்று நாம் நினைத்தோம். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது பாதுகாப்பாக இருக்கவில்லை.

சிறுபான்மை மக்களாகிய நமக்கு இங்கே ஒரு கூடுதல் சுமை இருக்கிறது. “இதையெல்லாம் வெளியே பேசினால் மற்ற இனத்தவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? ஏற்கெனவே நம்மவர்களைப் பற்றிப் பேச்சு இருக்கிறது” என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அந்த வலி பொய்யல்ல. ஆனால் இந்தக் கொடுமை எந்த ஓர் இனத்துக்கும் சொந்தமானதல்ல. எல்லா மொழி பேசும் வீடுகளிலும், பணக்கார வீட்டிலும் ஏழை வீட்டிலும் நடக்கிறது. சமூகத்தின் பெயரைக் காப்பாற்ற ஒரு பிள்ளையைப் பலி கொடுத்தால், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்யப் போகிறோம்? வெளியே சம உரிமை கேட்கும் நாம், நம் வீட்டுக்குள் மிகச் சின்னவருக்கு உரிமை உண்டா என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையில் சிங்கப்பூர் 1995-இல் சேர்ந்தது. பிள்ளையின் பேச்சுக்குக் காது கொடுக்க வேண்டும் என்பதும், எல்லா வகை வன்முறையிலிருந்தும் அதைக் காக்க வேண்டும் என்பதும் அதில் எழுதியிருக்கும் உரிமைகள்.

பாத்தியில் என்ன சொல்லித் தருவது?

இனி வேலைக்கு வருவோம். ஒரு பாத்திக்கு இரண்டு அல்லது மூன்று பிள்ளைகள். முதலில் சீக்கிரம் வளர்வதைப் போடுங்கள். தண்டுக்கீரை சில நாளில் முளைத்து, ஒரு மாதத்தில் பறிக்க வரும். கங்கோங் மூன்று நான்கு வாரம். வெண்டை இரண்டு மாதத்துக்குள் காய்க்கும். தேக்கா சந்தையில் வாங்கும் கறிவேப்பிலைக் கன்று ஒன்றையும் ஓரத்தில் வையுங்கள், அது பொறுமையைச் சொல்லித் தரும். தொட்டியிலும் தட்டிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள், டெங்கிக் கொசுவுக்கு அது போதும்.

முதல் வாரம் பாத்தியைப் பிரித்துக் கொடுங்கள். “இது உன் பாத்தி. உன்னைக் கேட்காமல் யாரும் இதில் கை வைக்கக் கூடாது. நீயும் மற்றவர் பாத்தியைக் கேட்காமல் தொடாதே” என்று சொல்லுங்கள். பிள்ளைக்கு அது உடனே புரியும். பிறகு சொல்லுங்கள்: “உன் உடம்பும் அப்படித்தான். அது உன்னுடையது.” இதைச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு முத்தம் கொடு, மாமா மடியில் போய் உட்கார் என்று வற்புறுத்தாதீர்கள். கை கூப்பி வணக்கம் சொன்னால் மரியாதை போதும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை வீட்டில் இல்லாத பிள்ளைக்கு, வெளியே அந்தச் சொல் வாயில் வராது.

இரண்டாம் வாரம் பெயர் சொல்லிக் கொடுங்கள். வேர், தண்டு, கணு, இலை, மொட்டு என்று எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கிறது. உடம்பில் மட்டும் சில இடங்களுக்கு நாம் பெயரே சொல்வதில்லை, “சீ, வெட்கம்” என்று வாயைப் பொத்துகிறோம். பெயர் தெரியாத இடத்தில் நடந்ததைப் பிள்ளை எப்படிச் சொல்லும்? வீட்டில் அம்மாவோ அப்பாவோ வெட்கப்படாமல் சரியான பெயரைச் சொல்லித் தாருங்கள். குளிப்பாட்டுபவரும், வலி என்றால் பெற்றோர் பக்கத்தில் இருக்கப் பார்க்கும் மருத்துவரும் தவிர வேறு யாருக்கும் அங்கே வேலையில்லை என்று சொல்லுங்கள்.

மூன்றாம் வாரம் இலையைப் பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சளாகிறதா, சுருண்டிருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா? காரணத்தைத் தேடுவோம், செடியைத் திட்டமாட்டோம். பூச்சி அரித்தது செடியின் குற்றமா? இல்லை என்று எல்லாப் பிள்ளைகளும் கத்துவார்கள். அதே மூச்சில் சொல்லுங்கள்: “யாராவது உன்னைத் துன்புறுத்தினால் அது உன் தப்பு அல்ல. எப்போது சொன்னாலும் நான் உன்னைத் திட்டமாட்டேன்.” இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நாம் இவ்வளவு மண்ணைக் கொத்துகிறோம்.

பெரியவர்களுக்கும் அதே பாடம். திடீரென்று பேச்சு நின்றுபோவது, மறுபடி படுக்கையை நனைப்பது, ஒருவர் வீட்டுக்குப் போக மாட்டேன் என்று அழுவது, படிப்பில் சரிவு, வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாமல் இருப்பது, வயதுக்கு மீறிய பாலியல் பேச்சு, யார் கொடுத்தது என்று சொல்லாத பொருளும் பணமும். இவற்றில் ஒன்றைக் கண்டவுடன் கொடுமைதான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆனால் ‘வயசுக் கோளாறு’ என்று கடந்தும் போக வேண்டாம்.

நான்காம் வாரம் இரகசியத்தைப் பற்றி. பாட்டியின் பிறந்த நாளுக்குச் சொல்லாமல் கீரை பறித்துக் கொடுப்பது ஆச்சரியம். சில நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், எல்லோரும் சிரிப்பார்கள். “இதை யாரிடமும் எப்போதும் சொல்லாதே, சொன்னால் உன் அம்மா செத்துவிடுவாள்” என்பது கெட்ட இரகசியம். அதைக் காக்கத் தேவையில்லை. கூடவே, ஒரு விரலுக்கு ஒருவராக, தான் நம்பிப் பேசக்கூடிய ஐந்து பெரியவர்களின் பெயரைப் பிள்ளையே சொல்லட்டும். ஐவரும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. ஓர் ஆசிரியர், ஓர் அத்தை, பக்கத்து வீட்டு ஆண்ட்டி என்று இருக்கட்டும். ஒருவர் நம்பவில்லை என்றால் அடுத்தவரிடம் சொல், யாராவது நம்பும் வரை சொல் என்று கற்றுக் கொடுங்கள்.

தோட்டத்துக்கும் விதி வேண்டும்

பிள்ளைகள் கூடும் இடத்தைத் தேடிக் கெட்டவர்களும் வருவார்கள். பள்ளியானாலும் விளையாட்டானாலும் கோயிலானாலும் தோட்டமானாலும் இது பொருந்தும். ஆகவே இந்தத் தோட்டத்தில் எனக்கும் சேர்த்துச் சில விதிகள். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள், மற்றவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில். கழிவறைக்குப் பிள்ளையை அதன் வீட்டாரே அழைத்துப் போக வேண்டும். பிள்ளைகளைத் தனிப்பட்ட கைப்பேசியில் படம் எடுத்துப் பரப்பக் கூடாது. ஒரு பிள்ளைக்கு மட்டும் இரகசியப் பரிசு கூடாது. “நான் நாற்பது வருஷமாக இங்கே இருக்கிறேன், என்னையா சந்தேகப்படுகிறீர்கள்?” என்று ஒருவர் கோபப்பட்டால், விதி எல்லோருக்கும் பொது என்று அமைதியாகச் சொல்லுங்கள். நல்லவருக்கு இந்த விதியால் நட்டம் ஒன்றுமில்லை.

பிள்ளை சொல்லிவிட்டால்?

இந்தப் பகுதியை மட்டும் வீட்டில் எழுதி ஒட்டுங்கள்.

முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அலறினால் பிள்ளை அடுத்த வார்த்தையை விழுங்கிவிடும். “சொன்னது நல்லது. நான் நம்புகிறேன். உன் தப்பு இல்லை” என்று சொல்லுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். “உனக்கு உதவக் கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்” என்று உண்மையைச் சொல்லுங்கள். “அவன் இங்கே தொட்டானா, அங்கே தொட்டானா” என்று நீங்களே பதிலை எடுத்துக் கொடுக்காதீர்கள். சித்தி, பெரியம்மா, பாட்டி என்று ஒவ்வொருவர் முன்னாலும் நிறுத்தித் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். அது பிள்ளையை வதைக்கும், பின்னால் நீதிமன்றத்தில் சாட்சியையும் கெடுக்கும். பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே, தமிழிலேயே, தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். பாலியல் கொடுமை அப்போதுதான் நடந்தது என்றால் குளிப்பாட்டாதீர்கள், துணியைத் துவைக்காதீர்கள்.

செய்தவனிடம் போய்ச் சண்டை போடாதீர்கள். அவன் எச்சரிக்கையாகிவிடுவான், கைப்பேசியில் இருப்பதை அழிப்பான், ஊரை விட்டே போகலாம். குடும்பப் பெரியவர்களைக் கூட்டிப் பஞ்சாயத்து வைத்து, காலில் விழ வைத்து முடிக்காதீர்கள். காலில் விழுந்தவன் எழுந்து அடுத்த பிள்ளையிடம் போவான்.

உடனடி ஆபத்து என்றால் 999. இல்லையென்றால் வன்முறைக்கு எதிரான தேசிய உதவி எண் 1800-777-0000, 24 மணி நேரமும் எடுப்பார்கள். உங்கள் வட்டாரக் குடும்ப சேவை நிலையத்துக்கும் நேரில் போகலாம். பிள்ளை தானே பேச விரும்பினால், 1952 முதல் இயங்கும் சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கம் 1984-இலிருந்து தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே நடத்தும் டிங்கிள் ஃபிரண்ட் எண் 1800-2744-788 உண்டு. இதைப் படிக்கும் உறவினர் தமிழ்நாட்டில் இருந்தால் 1098, மலேசியாவில் 15999, இலங்கையில் 1929.

ஒரு தடவை சொல்லிவிட்டோம், கடமை முடிந்தது என்று இருக்காதீர்கள். 2020 பிப்ரவரியில் இங்கே கொடுமைக்கு ஆளாகி இறந்த நான்கு வயதுச் சிறுமி மேகன் கங்கின் கதை உங்களுக்கு நினைவிருக்கும். அவள் உடம்பில் இருந்த காயங்களைப் பாலர் பள்ளியில் 2019-இலேயே கண்டிருந்தார்கள். 2025 அக்டோபரில் வெளியான மறு ஆய்வுக் குழுவின் அறிக்கை, பல கைகளுக்கு இடையே தகவல் சரியாகப் போய்ச் சேராததையும் தொடர் நடவடிக்கை இல்லாததையும் எடுத்துக் காட்டியது. ஆகவே யாரிடம் பேசினீர்கள், எந்தத் தேதியில் பேசினீர்கள் என்று எழுதி வையுங்கள். பதில் வரவில்லை என்றால் மறுபடி கூப்பிடுங்கள். தொந்தரவு என்று நினைத்தாலும் பரவாயில்லை.

உங்கள் பயங்களும் சட்டத்தின் பதிலும்

ஒரு தாய் என்னிடம் கேட்டார்: “வெளிய தெரிஞ்சா எம்புள்ளைய நாளைக்கு யாரு கட்டுவா?” அந்தக் கேள்வியைக் கேட்டு யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். வழக்கில் வரும் பிள்ளையின் பெயரையோ படத்தையோ, யார் என்று கண்டுபிடிக்கக் கூடிய விவரத்தையோ வெளியிடுவது குற்றம். பத்திரிகைக்கும் அது பொருந்தும், முகநூலில் எழுதும் பக்கத்து வீட்டாருக்கும் பொருந்தும். பெயரைச் சட்டம் காக்கும். ஆனால் சொல்லாமல் அடக்கிய வலியை எந்தச் சட்டத்தாலும் காக்க முடியாது, அது பிள்ளையின் உள்ளேயே வளரும்.

“வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை” என்பார்கள். குற்ற வழக்கை நடத்துவது அரசு. பாதிக்கப்பட்ட பிள்ளை வக்கீல் வைக்க வேண்டியதில்லை. “நடந்து பத்து வருஷம் ஆகிவிட்டதே” என்பார்கள். சிங்கப்பூரில் குற்ற வழக்குக்குக் காலக்கெடு கிடையாது. இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களில் யாருக்காவது சிறுவயதில் நடந்திருந்தால், இந்த வாக்கியம் உங்களுக்கும்தான்.

“பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள்” என்பார்கள். கொடுமை செய்பவர் வெளியாள் என்றாலோ, வீட்டில் பிள்ளையைக் காக்கும் ஒரு பெரியவர் இருந்தாலோ, பிள்ளையைக் குடும்பத்தோடு வைத்துக் காக்கத்தான் முதலில் பார்ப்பார்கள். நீங்களே முன்வந்து சொல்வது, பிள்ளையைக் காக்க நீங்கள் இருக்கிறீர்கள் என்பதற்குச் சாட்சி.

“நமக்கு இங்கிலீஷ் வராது” என்பார்கள். இதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வரும், உங்கள் மேல் அல்ல. தமிழ் இந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று. சிறுபான்மையினர் நலனை இடைவிடாது கவனிப்பது அரசின் பொறுப்பு என்று அரசமைப்புச் சட்டத்தின் 152-ஆம் பிரிவு சொல்கிறது. காவல்துறை உங்களிடம் வாக்குமூலம் எடுத்தால், ஆங்கிலம் தெரியாத உங்களுக்கு அதைப் புரிந்த மொழியில் வாசித்துச் சொன்ன பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். இது குற்றவியல் நடைமுறைச் சட்டம். “தமிழில் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். உங்கள் பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள், அடுத்தவர் வைத்தாலும் விடாதீர்கள். தன் வலியைத் தானே மொழிபெயர்க்கும் வேலை எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது. தமிழ் பேசும் ஆலோசகர்களும் தமிழில் எழுதிய கையேடுகளும் இன்னும் வேண்டும் என்று கேட்பது பிச்சை அல்ல, உரிமை.

கயிறு போடும் கை

கடைசியாக ஒன்று. 2025 ஜூலை 26-ஆம் தேதி மாலை, இங்கிருந்து பக்கத்தில் தாஞ்சோங் காத்தோங் சாலையில் தரை உள்வாங்கி ஒரு கார் குழிக்குள் விழுந்தது. அருகே வேலை செய்துகொண்டிருந்த ஏழு வெளிநாட்டு ஊழியர்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்த மேற்பார்வையாளர் பிச்சை உடையப்பன் சுப்பையா தலைமையில், கயிறு போட்டு உள்ளே இருந்த பெண்ணைச் சில நிமிடங்களில் மேலே இழுத்தார்கள். அந்தப் பெண் யார், எந்த இனம், நமக்கேன் வம்பு என்று அவர்கள் கேட்கவில்லை. குழிக்குள் குதிக்கவும் இல்லை. கையில் இருந்த கயிற்றைப் போட்டார்கள், சேர்ந்து இழுத்தார்கள்.

பக்கத்து வீட்டில் இரவில் ஒரு பிள்ளை அலறும் சத்தம் கேட்டால் உங்களிடம் கேட்பதும் அவ்வளவுதான். கதவை உடைத்துக்கொண்டு போக வேண்டாம். நீங்களே துப்புத் துலக்க வேண்டாம். உறுதியாகத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. சந்தேகம் இருந்தால் போதும், அந்த எண்ணைக் கூப்பிடுங்கள். அதுவே கயிறு.

இன்று வீட்டுக்குப் போய் மூன்று காரியம் செய்யுங்கள். 1800-777-0000 என்ற எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் எழுதி ஒட்டுங்கள். பிள்ளை நம்பும் ஐந்து பேர் யார் என்று கேளுங்கள், அதில் உங்கள் பெயர் இல்லாவிட்டால் கோபப்படாதீர்கள், ஏன் என்று யோசியுங்கள். அடுத்த சனிக்கிழமை மாலை, வெயில் தாழ்ந்ததும், பிள்ளையோடு மறுபடி இந்தப் பாத்திக்கு வாருங்கள். வரும்போது வேலைக்குப் போயிருக்கும் பக்கத்து வீட்டாரின் பிள்ளையையும் அவர்கள் சம்மதத்தோடு கூட்டி வாருங்கள்.

கேள்வி கேட்க விரும்புபவர்கள் இங்கேயே கேட்கலாம். எல்லோர் முன்னாலும் கேட்க முடியாதவர்கள், அந்த வெண்டைப் பாத்தியில் நான் களை பிடுங்கிக்கொண்டிருப்பேன், பக்கத்தில் வந்து உட்காருங்கள்.